முதல் ரூபாய் வரும் வரையில்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்குக் காத்திருத்தல் என்பது இன்னதென்று நாம் விளக்க வேண்டிய அவசியமில்லை. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப் பாதையிலிருந்து மன்னார்குடிக் கிளை பிரியும் ஜங்ஷன் அது. நெல் மூட்டைகளை ஏற்றிய சரக்கு வண்டிகள் முன்னும் பின்னும் நகர, கேட் மூடியிருந்த வேளைகளில் இருபுறமும் பஸ்களும் லாரிகளும் வரிசையாய் நின்றதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நாமும் அவ்வரிசையில் நின்றிருக்கிறோம். அங்கு நின்ற லாரிக்காரர் எண்ணெய்ச் செலவை மட்டும் கணக்கிடுபவரல்லர். வண்டி நின்றாலும் கடனுக்கு வட்டி ஓடும், கூலியாளுக்குப் படி கொடுத்தாக வேண்டும், வயிறு கேட்கும் என்பதை அவர் அறிவார். ஓடுகிற வண்டியின் செலவைவிட நிற்கிற வண்டியின் செலவே மனிதனை அழுத்துவது. புதிதாகத் தொழில் தொடங்குவோர் யாவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

சில தினங்களுக்கு முன் அவ்வூரைச் சேர்ந்த வாலிபர் இருவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தனர். இருவரும் எஞ்ஜினீயரிங் படித்தவர்கள். ஒருவர் சென்னையிலும் மற்றவர் பெங்களூரிலும் சில வருஷம் உத்தியோகம் பார்த்தவர்கள். அதை விட்டுவிட்டுச் சொந்த ஊரிலேயே அமர்ந்து, அரிசி ஆலைக்காரர்களுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கணக்கு வைக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்து விற்க வேண்டுமென்பது அவர்கள் எண்ணம். சட்ட விஷயங்களில் நமது யோசனையை நாடி வந்தனர். “ஐயா, மடிக்கணினியும் இணையமும் இருந்தால் போதும். மூலதனமே தேவையில்லாத தொழில் இது” என்றார் ஒருவர். மற்றவர் சற்றுத் தயங்கி, “அப்பா ஆறு மா நிலத்தை அடகு வைக்கலாம் என்கிறார், ஐயா” என்றார்.

மூலதனமே தேவையில்லாத தொழிலுக்கு நிலத்தை எதற்காக அடகு வைக்க வேண்டும்? இக்கேள்வியை அவர்களிடம் கேட்டோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இவ்விருவரைப் போன்றோர் இன்று காவிரிப் பாசனப் பிரதேசத்தின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். ஆதலின் அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமின்றி விட்டதையும் இங்கே எழுதத் துணிகிறோம்.

சாமான்களின் விலை

மென்பொருள் தொழிலுக்கு வேண்டிய கருவிகள் மலிந்துவிட்டன என்பது மெய்யே. 1981-ம் வருஷத்தில் எழுவர் கூடிப் புனாவில் இன்போசிஸ் கம்பெனியை 10,000 ரூபாய் முதலில் ஆரம்பித்தபோது அவர்களிடம் சொந்தமாக ஒரு கணினி கிடையாது. அதை வெளிநாட்டிலிருந்து தருவிக்க லைசென்ஸ் வாங்கி, சாமான் வந்து சேர்ந்தது 1983-ல். அதுவரை அமெரிக்க வாடிக்கையாளரின் இடத்துக்கே சென்று வேலை செய்து பொருளீட்டினர். டெலிபோன் இணைப்புக்கே பல மாதம் காத்துக் கிடந்த காலம் அது.

இன்றோ நிலைமை வேறு. 2006-ல் அமேசான் கம்பெனி தனது கணினிகளை மணிக்கு 10 செண்ட் வாடகைக்கு விடத் தொடங்கியது முதல், சர்வர் என்னும் பெருங் கணினியை விலைக்கு வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் சிறு தொழிலாளிக்கு அற்றுப் போயிற்று. மாதம் சில நூறு ரூபாயில் ஒரு சிறு சர்வர் வாடகைக்குக் கிடைக்கிறது. கைபேசிச் செயலியைக் கூகிள் கடையில் வைக்க ஒரு முறை 25 டாலர். ஆப்பிள் கடையில் வைக்க வருஷத்துக்கு 99 டாலர். பதினைந்து லட்சம் ரூபாய் வரை அங்கீகரிக்கப்பட்ட மூலதனமுள்ள கம்பெனியைப் பதிவு செய்யச் சர்க்கார் பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. முத்திரைத் தீர்வையும் பிற சில்லறைச் செலவுகளுமே உண்டு. சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை முதல் இலவசம்.

ஆனால் சாமான்களின் விலை தொழிலின் விலை ஆகாது. நம்மிடம் வந்த வாலிபர்களோடு அமர்ந்து, காகிதமும் பேனாவும் கொண்டு, நமது அறிவுக்கு எட்டிய ஒரு மதிப்பீட்டைப் போட்டோம். மடிக்கணினி இரண்டு, 1,00,000 ரூபாய். மின்சாரம் நின்றால் வேலை நில்லாதிருக்க இன்வெர்ட்டரும் பேட்டரியும், 25,000. கம்பெனிப் பதிவும் ஆடிட்டர் கூலியும், 15,000. ஆக ஒரே முறை செலவு 1,40,000 ரூபாய். இனி மாதச் செலவு: இணையமும் மின்சாரமும் 2,000, சர்வர் முதலியவை 1,000, ஆலை ஆலையாய் ஏறி இறங்கப் பிரயாணச் செலவு 2,000. இவ்வளவோடு அவர்கள் கணக்கை முடித்துவிட்டனர். “நீங்கள் இருவரும் சாப்பிட வேண்டாமா?” என்று கேட்டோம்.

ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தோம். சொந்த வீட்டில், தாயார் கையால் உண்டு, சிக்கனமாயிருப்போருக்கும் இது மிகையன்று. மணமானவருக்கோ போதவே போதாது. இதைச் சேர்த்தால் மாதச் செலவு 35,000 ஆகிறது. வருஷத்துக்கு 4,20,000. ஒரே முறை செலவையும் கூட்டினால் 5,60,000 ரூபாய். இதில் இருவர் ஜீவனத்துக்கு மட்டும் போவது 3,60,000. அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மூலதனமே தேவையில்லாத தொழில் என்று உலகம் பேசும் தொழிலின் மூலதனம் வயிற்றில் இருக்கிறது. அதைக் கணக்கில் எழுதாததனாலேயே அது இல்லாமற் போய்விடாது. அடகு வைக்க நினைத்த ஆறு மா எதற்கென்பது அப்போதுதான் அவ்வாலிபர்களுக்கும் விளங்கிற்று.

இரண்டு நாட்கள்

உழவன் ஒருவன் ஆடுதுறை 43 நெல்லை விதைத்தால் சுமார் 110 நாளில் அறுக்கலாம் என்று அறிவான். சி.ஆர். 1009 என்னும் நீண்ட காலச் சம்பா நெல்லானால் 155 நாள் சென்று அறுப்பான். மழையும் வெள்ளமும் கெடுக்கலாம்; கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வராமற் போகலாம்; ஆயினும் அறுவடை நாள் இன்னதென்ற மதிப்பு அவனுக்கு உண்டு. அதற்கேற்பவே அவன் கடன் வாங்குகிறான், கல்யாணம் நிச்சயிக்கிறான். மென்பொருள் செய்வோனுக்கு அத்தகைய பஞ்சாங்கம் இல்லை. ஆறு மாதத்தில் முடியுமென்று தொடங்கிய வேலை ஒன்பது மாதம் இழுப்பது சர்வசாதாரணம். ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் 35,000 ரூபாய் கரைகிறது. வேலை முடிந்த பின்னும் தடைகள் உண்டு. 2023 நவம்பருக்குப் பின் புதிதாகத் திறந்த தனிநபர் கணக்கானால், குறைந்தது பன்னிரண்டு பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பிறகே செயலியைப் பொது ஜனங்களுக்கு வெளியிடக் கூகிள் கடை அனுமதிக்கிறது.

முதல் வருமானம் வரும் நாள் ஒன்று. வருமானம் செலவை எட்டிப் பிடிக்கும் நாள் வேறொன்று. முதல் நாள் வந்தவுடன் கரை சேர்ந்தோமென்று எண்ணுவோர் பலர். நட்டாற்றில் அமிழ்ந்து போகிறவர்களும் அவர்களே. ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். மென்பொருளைச் செய்ய ஆறு மாதம் ஆயிற்று என்று கொள்வோம். செலவு 2,10,000 ரூபாய், வரவு பூஜ்யம். ஏழாம் மாதம் முதல் ஐந்து ஆலைகள் வாங்குகின்றன. ஆலைக்கு மாதம் 500 ரூபாய் சந்தா. வரவு 2,500. வாலிபர்கள் தேங்காய் உடைத்துக் கொண்டாடுவர், நியாயமே. ஆயினும் அம்மாதமும் கைநஷ்டம் 32,500 ரூபாய். மாதந்தோறும் ஐந்து ஆலைகள் தவறாமற் சேர்ந்து, ஒன்றும் விட்டுப் போகாமலிருந்தால், எழுபது ஆலைகள் சேர்ந்தால்தான் 35,000 வரும். அதற்குப் பதினான்கு மாதம் வேண்டும். அப்பதினான்கு மாதத்தில் துண்டு விழுவது மட்டும் 2,27,500 ரூபாய். அதாவது, முதல் ரூபாய் வருவதற்கு முன் செலவழித்ததைவிட, முதல் ரூபாய் வந்த பிறகு இழப்பது அதிகம்! ஆரம்பச் செலவையும் சேர்த்தால் இருபதாவது மாதத்தில் மொத்தம் 5,77,500 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். அன்றுதான் தொழில் தன் காலில் நிற்கத் தொடங்குகிறது. போட்ட பணம் திரும்புவது அதற்கும் அப்பால்.

இக்கணக்கில் நாம் சிறிதும் கடுமை காட்டவில்லை. மாதம் ஐந்து ஆலைகள் என்பதே தாராளமான மதிப்பு. ஆலை முதலாளியிடம் பேசி, கணக்குப்பிள்ளையைச் சமாதானம் செய்து, பழைய பேரேட்டிலிருந்து பாக்கிகளை ஏற்றிக் கொடுத்து, அறுவடை மும்முரம் தணியட்டும் என்று சொன்னால் அதற்கும் காத்திருந்து முடிப்பதற்குள் ஒரு பருவமே கழிந்துவிடும்.

முன்னோர் நடந்த வழிகள்

இவ்வழியில் முன்னே நடந்து கரை கண்டவர்கள் நம்மவரிலேயே இருக்கின்றனர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவரும், தஞ்சையை அடுத்த சண்முகா கல்லூரியில் எஞ்ஜினீயரிங் படித்தவருமான கிரீஷ் மாத்ருபூதம் 2010 அக்டோபரில் உத்தியோகத்தை விட்டுச் சென்னையில் பிரெஷ்டெஸ்க் என்னும் மென்பொருளைத் தோழர்களுடன் தொடங்கினார். 2011 ஜூனில் அது வெளிவந்தது. முதல் வாடிக்கையாளராய் வந்தது ஆஸ்திரேலியாவிலுள்ள ஒரு பள்ளிக்கூடம். எட்டு மாதம், குறுவையும் சம்பாவும் சேர்ந்த காலம். அவ்வருஷ இறுதியில் பத்து லட்சம் டாலர் வெளி மூலதனம் கிடைத்தது. 2021 செப்டம்பரில் அக்கம்பெனியின் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் விற்பனைக்கு வந்தன. இது ஒரு வழி. அயலார் முதலைப் பெற்று வேகமாய் ஓடும் வழி.

தஞ்சை ஜில்லாக் குடும்பத்தில் 1968-ல் பிறந்த ஸ்ரீதர் வேம்புவும் சகாக்களும் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி மற்றொரு வழியைக் காட்டுகிறது. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு வேண்டிய மென்பொருளை விற்று, வந்த லாபத்தையே மீண்டும் தொழிலில் போட்டு, வெளியார் முதல் இன்றியே வளர்ந்தனர். பொது ஜனங்களும் வியாபாரிகளும் இன்று அறிந்த ஸோஹோ செயலிகள் தோன்றியது 2005-ல்; கம்பெனி அப்பெயரை ஏற்றது 2009-ல். தொடங்கியதற்கும் பெயர் பெற்றதற்கும் இடையே ஒன்பது வருஷமும் அதற்கு மேலும் ஆயின. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அக்கம்பெனி காரியாலயம் வைத்து நடத்துவது, கிராமத்தில் இத்தொழில் நடவாது என்போருக்குத் தக்க பதில்.

மூன்றாவது வழி சிறியது. நம் வாலிபர்களுக்கு மிகவும் பொருந்துவது. ஜப்பானில் உத்தியோகம் பார்த்துவந்த பாட்ரிக் மெக்கென்ஸி என்ற அமெரிக்கர், பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கு விளையாட்டுச் சீட்டு அச்சிட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருளை 2006-ல் 60 டாலர் செலவில் வெளியிட்டார். உத்தியோகத்தை அவர் உடனே விட்டுவிடவில்லை. இரவு வேளைகளில் அதைச் சீர்படுத்தி, 2010-ல்தான் வேலையை விட்டார். நான்கு வருஷம் அவர் வயிற்றைக் காத்தது மாதச் சம்பளம். இதில் வீரம் இல்லையென்று சிலர் நகைக்கலாம். அடகுச் சீட்டும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பெங்களூரில் கோயங்கா குடும்பத்தார் 1986-ல் தொடங்கிய கம்பெனியின் ‘டாலி’ கணக்கு மென்பொருள் இன்று நாட்டின் கடைத்தெருக்களிலெல்லாம் வழங்குகிறது. அது முதலில் தங்கள் சொந்த வியாபாரத்தின் கணக்கை வைத்துக்கொள்ளச் செய்யப்பட்டதே. முதல் வாடிக்கையாளர் வீட்டிலேயே இருந்தார். ஆலையின் வலி இன்னதென்று ஆலைக்காரனிடமிருந்து அறிந்து தொடங்குவோனுக்குப் பாதிக் காத்திருத்தல் குறையும் என்பதற்கு இது சான்று.

இவ்விஷயத்தில் நமது நாட்டின் பழைய அனுபவம் ஒன்றும் நினைக்கத் தக்கது. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சொந்தக் கப்பல் வரும் வரையில் அவர் கை கட்டி நிற்கவில்லை. வாடகைக் கப்பலைக் கொண்டே போக்குவரத்தைத் தொடங்கினார். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. முதல் வருமானத்தை முன்னே இழுத்துக்கொள்ளும் யுக்தி அது. ஆனால் எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, முடிவில் இலவசமாய் ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. சிதம்பரம் பிள்ளை சிறை சென்றார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. பலசாலியான போட்டியாளன் ‘இலவசம்’ என்னும் ஆயுதத்தை எடுத்தால் கையிருப்பு உள்ளவனே தாக்குப் பிடிப்பான் என்ற பாடம் அன்று கப்பலுக்குப் பொருந்தியது. இன்று மென்பொருளுக்கும் பொருந்துகிறது. பெரிய கம்பெனிகள் இன்று எத்தனையோ செயலிகளை இலவசமாய் வாரி இறைக்கின்றன. அவற்றோடு விலையில் போட்டியிடுவது அறிவீனம். ஒரு வேலி இருபது மா என்பதும், ஒரு மா நூறு குழி என்பதும், கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ என்பதும், ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் சர்க்கார் விசேஷ அனுமதி தந்தாலன்றி நெல் திரும்பி வரும் என்பதும் கலிபோர்னியாவில் இருப்போனுக்குத் தெரியாது. நீடாமங்கலத்தானுக்குத் தெரியும். அவனுடைய கோட்டை அதுவே.

சந்தா என்னும் யுக்தி

பத்திரிகை நடத்துகிறவர்களாகிய நாம் ஒரு விஷயத்தை அனுபவத்தால் சொல்ல முடியும். நமது பத்திரிகையின் ஆரம்ப மாதங்களில் விளம்பரம் நிறைய வந்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் லாபம். பெட்டியைத் திறந்தால் காற்று. ஒரு பெரிய விளம்பரதாரரின் பில் ஏழு மாதம் வரை வரவில்லை. காகித வியாபாரிக்கு நாம் சொல்லிய சாக்குகளை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அந்நாட்களில் நம்மைக் காப்பாற்றியவர்கள், ஆண்டுச் சந்தாவை முன்கூட்டிக் கட்டிய ஏழைச் சந்தாதாரர்களே.

அதே யுக்தியை மென்பொருளுக்கும் கொள்ளலாம். மாதம் 500 என்பதற்குப் பதிலாக, வருஷத்துக்கு 5,000 ரூபாய் முன்பணம் என்று வைத்து, இரண்டு மாதச் சந்தாவைத் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும்? மாதம் ஐந்து ஆலைகள் சேர்ந்தால் கையில் வருவது 25,000. மாதத் துண்டு 10,000 மட்டுமே. பன்னிரண்டு மாதத்தில் துண்டு 1,20,000; பதின்மூன்றாம் மாதம் பழைய ஆலைகள் மறு சந்தா கட்டத் தொடங்கியதும் வரவு செலவை மிஞ்சுகிறது. விலையைக் குறைத்தும் நஷ்டம் பாதியாகிறது! ஆனால் ஓர் எச்சரிக்கை: முன்பணம் சம்பாதித்த பணமன்று, வருஷம் முழுதும் உழைத்துத் தீர்க்க வேண்டிய கடன். அதை எடுத்துப் புது மோட்டார் சைக்கிள் வாங்குவோன் இரண்டாவது வருஷம் ஊரில் தலை காட்ட முடியாது.

மற்றொரு யுக்தி, இருவரில் ஒருவர் பிறருக்குக் கூலிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து மாதம் 25,000 சம்பாதிப்பது. மற்றவர் ஒருவரே சொந்தச் சரக்கைச் செய்வதால் ஆறு மாத வேலை பன்னிரண்டு மாதம் ஆகும். ஆயினும் துண்டு மாதம் 10,000 வீதம் 1,20,000தான். முன்னதில் ஆறே மாதத்தில் 2,10,000 போயிற்று. காலம் இரட்டிக்கிறது, நஷ்டம் பாதியளவுக்குக் குறைகிறது. இதில் அபாயம் ஒன்றே. கூலி வேலையின் ருசி கண்டபின் சொந்தச் சரக்கு மூலையில் கிடந்து தூசி படியும். அதைத் தவிர்ப்பது அவரவர் மன உறுதியைப் பொறுத்தது.

சட்டம் கொடுக்கும் ஊன்றுகோல்

வேலை முடிந்தும் கூலி வராத துன்பத்துக்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. அதை அறிந்தோர் சிலரே. 2006-ம் வருஷத்துச் சிறு தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்குச் சரக்கையோ சேவையையோ ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிடில் தவணை 15 நாளே. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. இதற்கென்றே தாவா தீர்க்கும் கௌன்சில்களும் உண்டு. உத்யம் பதிவைச் சண்டை வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்றிராமல், முதல் பில் எழுதும் முன்பே செய்து வைப்பது விவேகம். இல்லாவிடில் அதுவே வழக்காகிவிடும். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குக. முன்பணமின்றி வேலை தொடங்காதிருக்க. இவ்விரண்டையும் செய்யாமல் பின்னர் நம்மைப் போன்ற வக்கீல்களைத் தேடி வந்தோர் பலர். அவர்களில் சிலருக்கு வழக்குச் செலவுக்கும் பணமில்லை.

கடன் விஷயத்தில் சர்க்கார் திட்டங்கள் இல்லாமலில்லை. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈடின்றி 10 லட்சம் வரையிலும், முன் கடனை ஒழுங்காய்க் கட்டியவர்களுக்கு 2024-க்குப் பின் 20 லட்சம் வரையிலும் வழி வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சர்க்காரின் டான்சீட் திட்டம் புதுத் தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஆதார நிதி என்று ஏற்பட்டது. 2024-ல் தஞ்சாவூரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் வங்கி அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, “எந்த மெஷின் வாங்கப் போகிறீர்?” என்பதே. இத்தொழிலுக்கு மெஷின் அற்பம். வேண்டியது இருபது மாத ஜீவனம். மெஷினுக்குக் கடன் தரும் வங்கி சோற்றுக்குத் தர அஞ்சுகிறது. தந்தாலும், ஆறு மாதத்தில் தவணை கட்டச் சொல்கிறது. நம் கணக்குப்படி ஏழாவது மாதத்தில் வருவதோ 2,500 ரூபாய்! உழவனுக்கு அறுவடை வரை தவணை கேட்காத பயிர்க் கடன் முறை ஒன்று இருக்கிறதல்லவா? அதன் தத்துவத்தையே இத்தொழிலுக்கும் விஸ்தரித்தால் என்ன என்று கேட்கிறோம். சர்க்கார் இலாகாக்களும் ஸ்தல ஸ்தாபனங்களும் தாங்கள் வாங்கும் சிறு மென்பொருள்களுக்கு 45 நாளில் தவறாது பணம் கொடுத்தாலே போதும். பல மானியங்களைவிட அது பெரிய உபகாரம்.

2020-ல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் பிரதேசத்தில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், உருக்காலைகள் முதலியவற்றுக்கு இடமில்லை என்று விதித்தது. அதற்காகப் போராடியவர்கள் இப்பத்தியைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பர். வேண்டாததைத் தடுத்தோம், நல்லதே செய்தோம். வேண்டியது எது என்ற கேள்விக்கும் நாமே விடை கூற வேண்டுமல்லவா? ஆற்று நீரை உறிஞ்சாமல், வயலைக் கெடுக்காமல், படித்த பிள்ளைகளை ஊரில் நிறுத்தக் கூடிய தொழில்களில் இது ஒன்று. ஆனால் ஊர் வாழ வேண்டுமென்று மேடையில் பேசிவிட்டு, உள்ளூர்ப் பிள்ளை செய்த மென்பொருளை, “தெரிந்த பையன்தானே, சும்மா போட்டுக் கொடு” என்று கேட்பது தகுமா? ஆலை முதலாளிகளும், வர்த்தக சங்கங்களும், பள்ளிக்கூட நிர்வாகிகளும், விவசாய சங்கத்தாரும் முதல் வாடிக்கையாளராக முன்வந்து, முழு விலை கொடுத்து, குறையை எடுத்துச் சொல்லித் திருத்த வைக்க வேண்டும். ஒரு வருஷச் சந்தாவை முன்கூட்டிக் கட்டும் இருபது ஆலைகள், சர்க்காரின் எந்த நிதியையும்விட மேலான மூலதனம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

வாலிபர்களுக்கு நாம் கூறிய முடிவு இதுதான். நிலத்தில் கை வைக்க வேண்டாம். ஒருவர் உத்தியோகத்திலோ கூலி வேலையிலோ இருக்கட்டும். மற்றவர் வேலையைத் தொடங்கட்டும். ஒரு வரி எழுதுவதற்கு முன்னரே பத்து ஆலைக்காரர்களைப் பார்த்து, பாதி முன்பணம் தர யார் ஒப்புகிறார் என்று கேட்கட்டும். ஒருவரும் ஒப்பாவிடில், அதை அறிய ஆன செலவு பஸ் கட்டணம் மட்டுமே, நிலம் மிஞ்சும். மூன்று பேர் ஒப்பினால் தொடங்கலாம். எந்த மாதத்தோடு நிறுத்துவது, எவ்வளவு போனால் போதுமென்று ஒதுங்குவது என்பதை முதல் நாளே எழுதித் தகப்பனாரிடம் கொடுத்து வைக்க வேண்டும். பின்னர் எழுத உட்கார்ந்தால் ஆசை எழுத விடாது.

அவர்கள் வணங்கி விடை பெற்றுச் சென்றனர். ஒரு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஒன்பது ஆலைகளுக்குப் போய் வந்தார்களாம். ஐந்து பேர் சிரித்தனுப்பினர். இருவர் அறுவடைக்குப் பின் வரச் சொன்னார்கள். இருவர் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் முன்பணம் கொடுத்தனராம். இன்னும் ஓர் ஆலை பாக்கியிருக்கிறது. அடகுப் பத்திரம் எழுதப்படவில்லை என்றும் கண்டிருந்தது. அந்த ஐயாயிரம் ரூபாயை நாம் பெரிதாகவே மதிக்கிறோம்.